கணினியில் செய்த படம் கவின்கலைப் பிரிவில் வரலாமா? நடுவராக உட்கார்ந்தவனின் குழப்பம்

#1 வெண்கட்டி

அனைவருக்கும் வணக்கம். முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊர் வாசகர் வட்டம் பொங்கலை ஒட்டி ஓவியப் போட்டி வைக்கும். இந்த ஆண்டு மூன்று நடுவர்களில் நானும் ஒருவன்.

வழக்கமானவைதான் வந்திருந்தன: கரும்பும் பானையும் சூரியனும், ஜல்லிக்கட்டுக் காளை, மழையில் குடை பிடித்த தாத்தா. கடைசிக் கட்டைப் பிரித்தபோது ஏ3 தாளில் ஒரு சிக்குக் கோலம். செம்மண் நிறத் தரை, வெள்ளைக் கோடு, வேறு நிறமே கிடையாது. எட்டுப் புள்ளி, ஒன்பது வரிசை. எந்தக் கோலப் புத்தகத்திலும் இருக்கக்கூடிய கோலம்தான். ஆனாலும் கண் அதைவிட்டு நகரவில்லை. கோடு எங்கும் தடுமாறவில்லை; அதே சமயம் எங்கும் விறைத்துக்கொண்டும் நிற்கவில்லை. தாளின் பின்பக்கம் பென்சிலில் ஒரு மாணவியின் பெயர், பன்னிரண்டாம் வகுப்பு, அதன் கீழே பொடி எழுத்தில் ‘கணினியில் செய்தது’.

ஒரு நடுவர், “இது அச்சு, ஓவியம் அல்ல” என்று தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார். இன்னொருவர் முதல் பரிசே இதற்குத்தான் என்று பிடிவாதமாக நின்றார். மூன்றாவது ஓட்டு என்னுடையது. நான் செய்த வீரச்செயல், “சாப்பிட்டுவிட்டு வந்து பேசலாமே” என்றதுதான். சாப்பிட்டோம். வந்து, குடை பிடித்த தாத்தாவுக்கு முதல் பரிசைக் கொடுத்துவிட்டு எழுந்தோம்.

மூன்று வாரமாக மனம் ஆறவில்லை. கணினியில் செய்ததைக் கவின்கலை என்று ஏற்கலாமா, கூடாதா? படத்தைக் கைப்பேசியில் எடுத்து இணைத்திருக்கிறேன். இங்கே வரைகிறவர்களும் இருக்கிறீர்கள், கணினி தெரிந்தவர்களும் இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

#2 அட்டைப்படம்

ஐயா, கவிழ்த்து வைத்தவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நான் புத்தக அட்டை வரைந்து பிழைப்பவன். பதினான்கு ஆண்டுகளாக வரைகிறேன். ஒரு பதிப்பகத்துக்கு மட்டும் நாற்பது அட்டைக்கு மேல் வரைந்திருப்பேன். சென்ற ஆண்டு அங்கிருந்து அழைப்பே வரவில்லை. நேரில் போனேன். புதிய அட்டையைக் காட்டினார்கள். அதே மஞ்சள், அதே பின்வெளிச்சம், நெற்றியில் விழும் அதே முடிக்கற்றை. என் பழைய படங்களைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கொடுத்து, “இதே பாணியில்” என்று கேட்டதாகவும், நான்கு நொடியில் வந்துவிட்டதாகவும் சொன்னார்கள். எனக்குச் சங்கடமாக இருக்குமே என்ற எண்ணம்கூட அவர்களுக்கு இல்லை. காபி கொடுத்து உபசரித்துத்தான் காட்டினார்கள்.

படத்தில் வீணை வாசிக்கும் ஒரு பெண். வலக்கையில் ஆறு விரல். வீணைக்குக் குடம் இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ தலையணை. புத்தகம் விற்றது. யாரும் விரலை எண்ணவில்லை.

கவின்கலையாம். திருடிய அரிசியில் பொங்கல் வைத்துவிட்டு, பொங்கல் நன்றாகக் குழைந்திருக்கிறதா என்று ஊரைக் கேட்பதுபோல் இருக்கிறது.

#3 நிரலி

அண்ணா, உங்களுக்கு நடந்தது அநியாயம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ‘கணினியில் செய்தது’ என்றவுடன் நேற்று முளைத்த செயலி மட்டும்தான் நம் நினைவுக்கு வருகிறது. இந்த வழக்குக்கு அறுபது வயது.

1965 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், கேயோர்க் நேஸ் என்பவர் கணினி வரைந்த படங்களைக் காட்சிக்கு வைத்தார். சீமென்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த கணிதக்காரர் அவர். ஓவியரல்லர். பார்க்க வந்த ஓவியர்கள் கொதித்துப் போனார்கள். ஏற்பாடு செய்த தத்துவப் பேராசிரியர் மாக்ஸ் பென்ஸே, இதைச் ‘செயற்கைக் கலை’ என்று வைத்துக்கொள்வோமே என்று அவர்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. ஏப்ரலில் நியூயார்க்கில், ஹோவர்ட் வைஸ் கலைக்கூடத்தில் மைக்கேல் நோல், பேலா யூலெஸ் இருவரின் கணினிப் படங்கள் வந்தன.

இந்த நோல் செய்த ஒரு குறும்பு சுவையானது. டச்சு ஓவியர் மோந்திரியான் 1917இல் வரைந்த ஓர் ஓவியம் உண்டு: ஒரு வட்டத்துக்குள் அடங்கியதுபோல் சிறு சிறு கிடைக்கோடுகளும் நெடுக்குக்கோடுகளும் மட்டும். நோல் அதைப் போலவே ஒன்றைக் கணினியில் செய்தார். கோடுகளின் இடத்தையும் நீளத்தையும் தற்செயல் எண்களிடம் விட்டார். இரண்டையும் ஒரேபோல நகலெடுத்து நூறு பேரிடம் காட்டினார். 59 பேருக்குக் கணினிப் படமே பிடித்திருந்தது. எது கணினி செய்தது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 பேர்தான். கண்ணை மூடிக்கொண்டு சுட்டியிருந்தாலே பாதிப்பேர் சரியாகச் சொல்லியிருப்பார்கள்!

#4 அட்டைப்படம்

நூறு பேரில் 59 பேர் என்றால் அது தேர்தல் முடிவு, சகோதரி. கலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு? அந்த நூறு பேர் யார் என்று தேடிப் பார்த்தேன். நோல் வேலை பார்த்த பெல் ஆய்வுக்கூடத்து ஊழியர்கள். மாமியார் வீட்டில் மாப்பிள்ளைக்கு மதிப்பெண் போட்ட கதை.

இன்னொன்று. மோந்திரியான் இல்லாமல் நோலுக்கு அந்தப் படம் ஏது? அன்றும் ஒருவர் வரைந்ததைப் பார்த்துத்தான் இயந்திரம் வரைந்திருக்கிறது.

#5 பேனர்க்காரர் மகன்

நான் வரையத் தெரியாதவன். ஆனால் டர்பென்டைன் வாசத்தில் வளர்ந்தவன். அப்பா மதுரையில் சினிமா பேனர் எழுதினார். ‘எழுதினார்’ என்றுதான் சொல்வோம்; வரைந்தார் என்றால் அவருக்கே சிரிப்பு வரும்.

கையளவு புகைப்படத்தில் பென்சிலால் கட்டம் போடுவார். தரையில் விரித்த துணியில், வண்ணப்பொடி தடவிய நூலை இழுத்துக் கட்டி ஒரு சுண்டு சுண்டினால் கோடு விழும். சின்னக் கட்டத்தில் இருப்பது பெரிய கட்டத்துக்குப் போகும். ஒரு கண் மட்டுமே என் உயரம் இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தால் நீலமும் ரோஜா நிறமுமாக வெறும் திட்டுகள். தெருவின் எதிர்ப்பக்கம் போய்த் திரும்பினால் முகம். அவர் எதிர்ப்பக்கம் போகாமலே வரைந்தார் என்பதுதான் எனக்கு இன்றும் பிடிபடாத விஷயம்.

பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. ஓர் இரவில் நாற்பது அடி அச்சாகி வந்துவிடும். அப்பா ஒரு வருடம் கடைப் பலகைகள் எழுதினார். அப்புறம் அதுவும் நின்றது. இப்போது கலைக்கூடங்கள் பழைய பேனர்த் துணியைத் தேடி அலைகின்றன. என் தங்கை திருமணத்துக்கு முன்பு கேட்டிருந்தால் ஒரு லாரி நிறையக் கொடுத்திருப்போம். எல்லாம் மழைக்காலத்தில் மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகிவிட்டது.

அட்டைப்படம் சாரின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். கட்டம் போட்டுப் புகைப்படத்தைப் பெரிதாக்கினாரே என் அப்பா, அது கவின்கலையா? அவர் உயிரோடு இருந்தபோது ‘ஆமாம்’ என்று ஒருவரும் சொல்லவில்லை.

#6 கவின்

சொல்லாராய்ச்சியிலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் அரசு நடத்துவது ‘கவின் கலைக் கல்லூரி’. ஓவியர்களுக்கு விருது கொடுப்பது ‘ஓவிய நுண்கலைக் குழு’. ஒன்றில் கவின், ஒன்றில் நுண். அரசுக்கே இன்னும் ஒரு சொல்லில் நிற்க முடியவில்லை. காரணம், இது நம் பிரிவினையே அல்ல. ஆய கலைகள் அறுபத்து நான்கு என்று வைத்தவர்கள், ஓவியத்தை எண்ணிய அதே பட்டியலில் சமையலையும் தச்சு வேலையையும் தையலையும் எண்ணினார்கள். அரிசியாலும் பூவாலும் தரையை அலங்கரிப்பதும் அதில் ஒன்று.

நுண்கலை தனி, கைத்தொழில் தனி என்ற வேலி பின்னால் கடல் கடந்து வந்தது. முதலில் சொன்ன சென்னைக் கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியபோது அதன் நோக்கம் கைவினைஞர்களைத் தொழிலுக்குத் தயார்ப்படுத்துவது. அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் மற்ற ஓவியர்களோடு சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். ஓவியம் விற்காத காலத்தில் அவர்களைக் காப்பாற்றியது அவர்களே மெழுகு பூசிச் சாயமேற்றி விற்ற பாத்திக் துணி. கைத்தொழில் சோறு போட, நுண்கலை அதைத் தின்று வளர்ந்தது.

கோவில்பட்டி கொண்டையராஜுவையும் சொல்லவேண்டும். நாடகத் திரைச்சீலை எழுதியவர்; பிறகு சிவகாசி அச்சகங்களுக்குச் சாமி படங்கள். தமிழ்நாட்டில் அவர் முருகனைப் பார்க்காத வீடு அபூர்வம். ஆனால் ‘காலண்டர் ஓவியர்’ என்ற இரண்டு சொல்லில் அவரைக் கட்டிப்போட்டு, 1976இல் அவர் இறக்கும்வரை அவிழ்க்கவே இல்லை.

புகைப்படக் கருவிக்கும் இதே கதைதான். 1859இல் பாரிஸில் போதலேர் என்ற கவிஞர், ஓவியராக முடியாமல் தோற்றவர்களின் புகலிடம் புகைப்படம் என்று எழுதினார். 1940இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் புகைப்படத்துக்குத் தனித்துறையே அமைத்தது. எண்பத்தொரு ஆண்டு. கணினிக்கும் வரிசை எண் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

#7 மாக்கோலம்

கவின் தம்பி, நன்றாகச் சொன்னாய். ஆனால் கோலத்தை ஒரு வரியில் தாண்டிவிட்டாய். எல்லாரும் அப்படித்தான் தாண்டுவார்கள். மிதிக்காமல் தாண்டுகிறோம் என்று அதையே பெருமையாக வேறு சொல்வார்கள்.

எனக்கு அறுபத்து மூன்று வயது. ஐம்பது வருடமாக வாசலில் கோலம் போடுகிறேன். பரிசு கேட்டதில்லை. இப்போது கணினி ஒரு கோலம் போட்டதும் மூன்று நடுவர்கள் சோறு தண்ணீர் இறங்காமல் தவிக்கிறார்கள். வெண்கட்டி ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டு வாசலில் தினமும் கோலம் போடுகிறவருக்கு எந்தப் பிரிவில் எத்தனை மதிப்பெண் போட்டீர்கள்?

இயந்திரம் கோலம் போடுவது ஒன்றும் புதிதில்லை. தேர்க்கடையில் ஓட்டை போட்ட குழாய் விற்பான். பொடியை நிரப்பித் தரையில் உருட்டினால் கொடியும் பூவும் தானாக விழும். சல்லடை அச்சு உண்டு. அதற்கும் சோம்பல் என்றால் ஸ்டிக்கர். என் மருமகள் அடுக்குமாடியில் ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கிறாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். ஏழு மணிக்கு பஸ் பிடிக்கிறவள் எங்கே குனிவாள்? ஆனால் ஸ்டிக்கர் கோலத்தை யாரும் நின்று பார்க்கமாட்டார்கள். அதை நிச்சயமாகச் சொல்வேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டுக்கு ஒன்பது போட்டதால் ஒரே இழையில் முடிந்திருக்கிறது. ஒன்பதுக்கு ஒன்பது என்று சதுரமாகப் போட்டிருந்தால் ஒன்பது தனித்தனி இழையாக அறுந்திருக்கும். போட்டது யாரோ, கோலம் தெரிந்தவர்.

#8 நிரலி

அம்மா, நீங்கள் சொன்ன கணக்கு அப்படியே உண்மை. புள்ளி எண்ணிக்கைக்கும் வரிசை எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொதுவகுத்தி எதுவோ, அத்தனை இழை வரும். எட்டுக்கும் ஒன்பதுக்கும் ஒன்று. எனவே ஒரே இழை. ஆறுக்கு ஒன்பது என்றால் மூன்று இழை. நீங்கள் இதைப் பன்னிரண்டு வயதிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள்.

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை: கோலம் கணினி அறிவியலுக்குள் போய் ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974இல் கோலத்தின் இலக்கணத்தை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். ஒரு சிறு வடிவத்திலிருந்து அடுத்த பெரிய வடிவம் எந்த விதிப்படி பிறக்கிறது என்பதுதான் கேள்வி. வாசலில் குனிந்து நின்ற பெண்கள் விதியைத் தலையில் வைத்துக்கொண்டு கையால் இயக்கினார்கள். அதையும் ஒருவகை நிரல் என்றுதான் நான் சொல்வேன்.

#9 மாக்கோலம்

என்னை இயந்திரம் என்கிறாயா பெண்ணே? சரி, இருந்துவிட்டுப் போகிறேன். முதுகு வலிக்கும் இயந்திரம்.

#10 வாய்தா

சட்டம் படித்தவன் என்ற முறையில் சில வரிகள். கலையா என்று நீதிமன்றம் கேட்காது; ஆசிரியர் யார் என்றுதான் கேட்கும்.

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. 1994 திருத்தத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்: கணினியால் உருவான படைப்பு என்றால், அது உருவாகக் காரணமாக இருந்தவரே ஆசிரியர். அந்த வரி எழுதப்பட்டபோது இந்தச் செயலிகள் எதுவும் கிடையாது. ‘காரணமாக இருந்தவர்’ என்பது பொத்தானை அழுத்தியவரா, நிரல் எழுதியவரா என்று அடித்துக்கொள்ள இடம் தாராளமாக இருக்கிறது. எங்கள் தொழிலுக்கு நல்லதுதான்.

அமெரிக்கர்கள் வேறு பக்கம் நிற்கிறார்கள். ஜேசன் ஆலன் என்பவர் 2022இல் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் செயலி வரைந்த படத்துக்கு முதல் பரிசு வாங்கினார். பரிசு 300 டாலர். வந்த சண்டை பல லட்சம் பெறும். பதிப்புரிமை கேட்டார். குறைந்தது 624 முறை கட்டளையை மாற்றி மாற்றிக் கொடுத்ததாகச் சொன்னார். 2023 செப்டம்பரில் மறுத்துவிட்டார்கள்.

இதோடு 1884இல் அமெரிக்காவில் வந்த தீர்ப்பொன்றை வைத்துப் பார்க்கவேண்டும். எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டைப் புகைப்படம் எடுத்தவர் சரோனி. அச்சகம் ஒன்று அந்தப் படத்தைப் பல ஆயிரம் பிரதி போட்டு விற்றது. கருவி எடுத்த படத்துக்கு ஏது ஆசிரியர் என்று வாதாடியது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. உட்காரவைத்த விதம், உடை, திரை, வெளிச்சம் நிழல் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தவர் சரோனி, ஆகவே அவரே ஆசிரியர் என்றது. ஆலன் 624 முறை கேட்டார். சரோனி ஒருமுறை அடுக்கினார். எனக்குச் சரோனி பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

#11 நெறியாளர்

ஒரு சிறு குறுக்கீடு. பத்துப் பதிவு தாண்டிவிட்டோம். அந்தப் படத்தை மாணவி எப்படிச் செய்தார் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. செயலியிடம் கேட்டு வாங்கியதா, நிரல் எழுதியதா, சுட்டியால் வரைந்ததா? வெண்கட்டி ஐயா, தெரிந்தால் சொல்லுங்கள். அட்டைப்படம் அவர்களே, நீக்கிய பதிவில் நீங்கள் குறிப்பிட்ட பதிப்பகப் பெயர் வேண்டாம்.

#12 வெண்கட்டி

வெட்கமாக இருக்கிறது. நாங்கள் கேட்கவே இல்லை. சாப்பாட்டு நேரம் உட்பட மூன்று மணி நேரம் அந்தப் பெண்ணின் படத்தைப் பற்றிப் பேசினோம். அவள் வெளியே திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

நெறியாளர் கேட்டபின் அவள் வீட்டுக்குப் போய் வந்தேன். அப்பா தறி வேலை. பழைய மடிக்கணினி ஒன்று, பேட்டரி செத்துப்போய் எப்போதும் சுவரோடு கட்டிப்போட்டிருக்கிறார்கள். பைத்தான் மொழியில் ஆமை என்று ஒரு வசதி இருக்கிறதாம். ‘முன்னே போ, திரும்பு’ என்று சொன்னால் திரையில் ஆமை நடந்து கோடு போடும். அரையாண்டு விடுமுறையில் நூற்று நாற்பது வரி எழுதியிருக்கிறாள்.

முதலில் வந்த கோலத்தையும் இயக்கிக் காட்டினாள். ஒவ்வொரு வளைவும் அச்சு அசல் ஒன்றே. பார்த்த நொடியில் முடிந்துவிடுகிற படம். “ஸ்டிக்கர் மாதிரி இருந்தது சார்” என்றாள். மாக்கோலம் அம்மா, உங்கள் சொல்லை அவள் படித்திருக்க வாய்ப்பே இல்லை.

அதன்பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் ஆமையைக் கொஞ்சம் இடம் தவறவிட்டிருக்கிறாள். எவ்வளவு என்பதற்கு ஓர் எண். இரண்டு புள்ளிக்கு நடுவிலுள்ள தூரத்தில் நூற்றுக்குப் பத்து என்று வைத்தால் குடித்துவிட்டுப் போட்ட கோலம். இரண்டு என்றால் தெரியவே இல்லை. ஐந்து, நான்கு என்று இறங்கியிருக்கிறாள். நான்கும் சரியாக இல்லை. ஏன் என்று நாலு நாள் யோசித்திருக்கிறாள். கை தவறும்போது ஒவ்வொரு வளைவும் தனித்தனியாகத் தவறாது. ஒன்று இடப்பக்கம் போனால் அடுத்ததும் கொஞ்சம் அந்தப் பக்கமே சாய்ந்துதான் மீளும் என்று கண்டுபிடித்து, போன தவறில் பாதியை அடுத்த வளைவுக்கும் கொண்டுபோகிறமாதிரி ஒரு வரி சேர்த்தாளாம். அந்த வரியை மட்டும் தனியே எனக்குக் காட்டினாள். ஒன்றும் புரியவில்லை; ஆனால் திரையில் கோலம் உயிர் பெற்றதைப் பார்த்தேன்.

#13 அட்டைப்படம்

ஐயா, இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? நான் வேறு எதையோ திட்டிக்கொண்டிருந்தேன். நான்கு நாள் ஒரு வளைவைப் பற்றி யோசித்தவளை நான் எதிர்க்கவில்லை. அது வேறு.

#14 நிரலி

அண்ணா, ‘அது வேறு’ என்று சொல்லிவிட்டு எழுந்துவிடாதீர்கள். எது வேறு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இரண்டு பேரைச் சொல்கிறேன். ஹெரால்ட் கோஹன் பிரிட்டிஷ் ஓவியர். 1966இல் வெனிஸ் பியன்னாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் தன் நாட்டின் சார்பாகப் பங்கேற்றவர். அந்தப் புகழை மூட்டை கட்டி வைத்துவிட்டு, 1968இல் கலிபோர்னியா போனார். நிரல் எழுதக் கற்றார். 1970களின் தொடக்கத்தில் ‘ஆரோன்’ என்ற நிரலைத் தொடங்கி 2016இல் இறக்கும்வரை அதையே திருத்திக்கொண்டிருந்தார். மூடிய வடிவம் என்றால் என்ன, உள்ளே எது வெளியே எது, ஒன்று இன்னொன்றை மறைத்தால் கோடு எங்கே நிற்கவேண்டும் என்பதெல்லாம் அவர் எழுதிய விதிகள். யாருடைய படத்தையும் அதற்கு ஊட்டவில்லை. தொடக்கத்தில் ஆரோன் கோடு போடும், கோஹன் கையால் வண்ணம் தீட்டுவார். நாற்பது ஆண்டுக்கு மேல் ஒரே மாணவனுக்குப் பாடம் எடுத்த வாத்தியார்.

வேரா மோல்நார் ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர். கணினி கையில் கிடைக்குமுன்பே, 1959 முதல், ‘கற்பனை இயந்திரம்’ என்று பெயரிட்டு விதிகளை எழுதி, அதன்படி தானே கையால் வரைந்துகொண்டிருந்தார். 1968இல் நிஜக் கணினி கிடைத்தது. சதுரங்களை அடுக்கி, ஒழுங்கில் நூற்றில் ஒரு பங்கை மட்டும் குலைத்தார். இந்தப் பெண் நான்கு என்று வந்து நின்றாளே, அதே தேடல். தன் தாயின் கையெழுத்தைக் கணினியில் எழுதவைத்துப் பார்த்த வரிசையும் உண்டு. வயதாக ஆக உடைந்துபோன கையெழுத்து. வாசிக்க முடியாது, ஆனால் கடிதம் என்று தெரியும். 2022 வெனிஸ் பியன்னாலேயில் அவர் படங்கள் இருந்தன. 2023 டிசம்பரில், நூறு வயது நிறையச் சில வாரங்கள் இருக்கும்போது, காலமானார்.

இவர்களிடம் எந்தக் கோட்டைக் காட்டி ‘ஏன் இங்கே?’ என்று கேட்டாலும் பதில் இருக்கும். ‘அந்த இடத்தைத் தற்செயலிடம் விட்டேன்’ என்பதும் பதில்தான். எங்கே விடுவது, எவ்வளவு விடுவது என்று முடிவு செய்தவர் அவர். ஆறாவது விரலைக் காட்டிக் கேட்டால் அந்தப் பதிப்பகத்தில் யார் பதில் சொல்வார்? எனக்குக் கோடு இங்கேதான் விழுகிறது. கணினியா கையா என்பதில் இல்லை.

#15 அட்டைப்படம்

ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. பதில் சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது. யாருடைய உழைப்பைத் தின்றது என்பதற்கும் பதில் வேண்டும். 2025 பிப்ரவரி, மார்ச்சில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் செயற்கை நுண்ணறிவுக் கலைக்கென்றே ஏலம் நடத்தியபோது ஆயிரக்கணக்கான ஓவியர்கள் நிறுத்தச் சொல்லிக் கையெழுத்திட்டார்கள். நிற்கவில்லை. என் பெயரை அந்தப் பட்டியலில் தேடாதீர்கள். எனக்குச் செய்தி தெரியவே ஒரு வாரம் ஆயிற்று.

#16 கவின்

அதே நிறுவனம்தான் 2018இல் செயற்கை நுண்ணறிவு வரைந்த ‘எட்மண்ட் டி பெலமி’ என்ற மங்கலான முகத்தை 4,32,500 டாலருக்கு ஏலம் விட்டது. எதிர்பார்த்தது பத்தாயிரம் வரைதான். கையெழுத்துக்குப் பதில் ஒரு கணிதச் சூத்திரம். பயன்படுத்திய நிரலில் பெரும்பகுதி வேறோர் இளைஞர் பொதுவில் இலவசமாக வைத்திருந்தது. அவருக்கு ஒரு காசு போகவில்லை. படத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இன்று அந்த முகம் நினைவிருக்கும்? விலை நினைவிருக்கும்.

2024இல் நடந்தது எனக்கு இதைவிடப் பிடிக்கும். ஒரு புகைப்படப் போட்டியின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு ஒருவர், தலை தெரியாமல் குனிந்து நிற்கும் ஒரு பூநாரையின் நிஜப் புகைப்படத்தை அனுப்பினார். பரிசு வந்தது. உண்மையைச் சொன்னதும் தகுதிநீக்கம். இயந்திரத்தின் பிரிவில் பறவைக்கு இடமில்லையாம்.

#17 பேனர்க்காரர் மகன்

ஏலமெல்லாம் கிடக்கட்டும். நான் அந்தக் கோலத்தைக் கைப்பேசியில் வைத்து இரண்டு நாளாகப் பார்க்கிறேன். மூன்றாவது வரிசையில் ஓர் இடம். வளைவுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து, ஒரு நூலளவு மேலே ஏறி, உடனே இறங்கிவிடுகின்றன. குனிந்து கோலம் போடுகிறவர் அந்த இடத்தில் நிமிர்ந்து ஒருமுறை மூச்சு வாங்கிவிட்டுக் குனிந்தமாதிரி. அப்பாவின் பேனரில் இப்படி ஓர் இடம் எப்போதும் இருக்கும். பெரும்பாலும் அவர் டீ குடிக்கப் போய் வந்த இடம். மற்றதெல்லாம் நூற்றுக்கு நான்கு என்று புரிகிறது. இந்த மூச்சை அந்தப் பெண் எந்த வரியில் எழுதினாள் என்று கேட்டுச் சொல்வீர்களா ஐயா?

#18 மாக்கோலம்

நானும் பார்த்தேன். நான் அதைக் கதவு திறந்து பால்காரன் கூப்பிட்ட இடம் என்று நினைத்தேன்.

#19 வெண்கட்டி

கேட்டேன். கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள்.

அதை அவள் எழுதவில்லையாம். ஜெராக்ஸ் கடையில் அச்சிடும்போது தாள் ஒரு நொடி சிக்கி இழுத்துக்கொண்டது. கடைக்காரர் வருத்தப்பட்டு, காசு வாங்காமல் இன்னொன்று அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார். அது சரியாக வந்திருக்கிறது. இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி இரண்டு நாள் வைத்திருந்தாளாம். பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் பார்ப்பாளாம். மூன்றாம் நாள் சிக்கிய தாளைப் போட்டிக்குக் கொடுத்துவிட்டாள்.

சரியாக வந்த தாளை என்ன செய்தாய் என்றேன். தம்பி அறிவியல் நோட்டுக்கு அட்டை போட்டுவிட்டானாம்.